கயாவில் வடிவு விட்டது

சன்னல் ஓரம் நீங்களே உக்காந்துக்கிடுங்க அண்ணாச்சி. எனக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான். அந்த ஆசையெல்லாம் விட்டாச்சு. எங்க போறீக, அம்பாசமுத்திரமா? நான் கல்லிடைக்குறிச்சி. உங்களுக்கு முந்தி எறங்கிருவேன். இல்ல, இல்ல, எந்திரிக்காதீக. காத்து இல்லன்னா எனக்கு லேசா தலைசுத்து வரும், அவ்வளவுதான். அதுக்காக உங்க எடத்த கேக்க மாட்டேன். சரி, இவ்வளவு தூரம் சொல்லுதீக, மாறிக்கிடுவோம். ஆங், இப்பம் சரியா இருக்கு. கொஞ்சம் அந்தப் பைய மட்டும் உங்க பக்கம் தள்ளி வச்சுக்கிடுங்க.

எம்பேரு பிரமநாயகம். தாலுகா ஆபீஸ்ல ஹெட் கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனேன். அஞ்சு வருசம் ஆச்சு. திருநவேலி டவுன்லதான் வீடு. மகன் பெங்களூர்ல இருக்கான். வீட்டுல நானும் எங்க வீட்டுக்காரியும் மட்டுந்தான். அவ பேரு சங்கரவடிவு, வடிவுன்னு கூப்புடுவேன். எங்க மாமா மக.

ரிட்டயர் ஆன கையோட நான் சைவ சித்தாந்தம் படிச்சேன். ரெண்டு வருசப் படிப்பு, ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம வகுப்பு. கடைசிப் பரீட்சையில எங்க வகுப்புல நான்தான் மொதல். ஆணவத்தப் பத்தி ஒம்போது பக்கம் எழுதினேன். 'நான்' 'எனது'ங்கிற எண்ணம் இருக்கே, அது ஒரு மனுசன எப்படியெல்லாம் கட்டிப் போட்டிருக்குன்னு பிரிச்சுப் பிரிச்சு எழுதினேன். திருத்தினவரே வீட்டுக்கு வந்து பாராட்டுனாரு. அந்தச் சர்டிபிகேட்ட சட்டம் போட்டு வாசலுக்கு எதிர்த்தாப்புல மாட்டியிருக்கேன். வாரவுக போறவுக பாக்கணும்னு இல்ல. ஆணி அங்கதான் இருந்துச்சு.

காசிக்குப் போயிருக்கீகளா? போகலையா? சரி, போனா கயாவுக்கும் கூட்டிட்டுப் போவாக. அங்கன ஒரு ஆலமரம் இருக்கு. முன்னோருக்குப் பிண்டம் வச்சு முடிச்சிட்டு அந்த மரத்தடியில நின்னு நமக்குப் பிடிச்ச ஒரு காய், ஒரு பழம், ஒரு இலை, மூணையும் விட்டுட்டு வரணும். விட்டா விட்டதுதான், ஆயுசு பூரா தொடக்கூடாது. எதுக்கு அந்த ஏற்பாடுன்னு நெனைக்கீக? ஆசைய விடணும். எல்லாத்தயும் ஒரேயடியா விடுன்னா எவனுக்கு முடியும், ஒரு கத்திரிக்காய்ல ஆரம்பின்னு வச்சிருக்கான். நான் இத வகுப்புலயே எடுத்துப் பேசியிருக்கேன்.

போன பங்குனியில ஒரு கூட்டமாச் சேந்து போனோம், முப்பத்தாறு பேரு. ரயில்ல போகும்போதே எல்லாரும் அதே பேச்சுதான், நீங்க என்னத்த விடப்போறீக, நீங்க என்னத்த விடப்போறீகன்னு. ஒருத்தரு பாகற்காய்னாரு. இன்னொரு அம்மா சுரைக்காய்னுச்சு. உள்ளதச் சொல்லணும்னா எல்லாருமே பிடிக்காததாத்தான் பாத்து வச்சிருந்தாக. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. நான் அப்படி இல்ல. நான் யோசிச்சு வச்சிருந்தேன். சீனியவரைக்காய், விளாம்பழம், மந்தார இலை. சீனியவரைக்காய் எனக்குப் பிடிக்கும் அண்ணாச்சி, சின்ன வயசுல அப்படித் திம்பேன். இப்பம் வாய்வுன்னு டாக்டர் வேண்டாம்னுட்டாரு, அது வேற விசயம். விளாம்பழம் பல்லு கூசும். மந்தார இலை, அத நம்ம ஊர்ல யாரு தைக்கா இப்பம்? இருந்தாலும் விடுததுன்னா விடுததுதான?

என் மொற வந்துச்சு, கணீர்னு சொன்னேன். அடுத்தது வடிவு. அங்க இருந்த சாஸ்திரி தமிழ் தெரிஞ்சவரு, 'சொல்லுங்கோம்மா'ன்னாரு. இவ பேச மாட்டேங்கா. பின்னால இருவது பேரு நிக்காக, வெயிலு மண்டையப் பொளக்குது. நான் முழங்கையால இடிச்சேன், 'புடலங்காய்னு சொல்லுட்டி'ன்னேன். அவ என்னயத் திரும்பிப் பாத்தா. பொறவு சாஸ்திரிகிட்ட குனிஞ்சு காதுல என்னமோ சொன்னா. ஒரு சொல்லு, ரெண்டு சொல்லுதான் இருக்கும். அந்த மனுசன் அவளப் பாத்தாரு, என்னயப் பாத்தாரு, 'நெசமாவா'ன்னு கேட்டாரு. இவ தலைய ஆட்டுனா. அவரு மந்திரத்தச் சொல்லித் தண்ணிய விட்டுட்டாரு.

ரயில்ல ரெண்டு நாளு கேட்டேன். 'என்னத்தட்டி விட்ட?' சிரிக்கா. 'சொல்லுதேன், சொல்லுதேன்'ங்கா. சொல்லல.

ஊருக்கு வந்தோம். நானும் விடல. ஹெட் கிளார்க்குன்னா சும்மாவா? எத்தன மனுவத் தோண்டி உண்மையக் கண்டுபிடிச்சிருக்கேன்! தெனமும் காலைல நானே மார்க்கெட்டுக்குப் போனேன். அவளுக்கு வெள்ளக் கத்திரிக்காய்னா உசுரு, வாங்கிட்டு வந்தேன். சமைச்சா, சாப்பிட்டா. அவரைக்காய் சாப்பிட்டா. முருங்கைக்காய்? சொதி வச்சு ரெண்டு தரம் ஊத்திச் சாப்பிட்டா. மாம்பழம் சாப்பிட்டா, பலாச்சொளை சாப்பிட்டா, சப்போட்டா சாப்பிட்டா. வாழை இலை, தாமரை இலை எல்லாத்துலயும் போட்டுப் பாத்தேன். ஒரு மாசம் அண்ணாச்சி! மார்க்கெட்டுல உள்ள காய் பூராவும் எங்க வீட்டுக்கு வந்துட்டுப் போயிருச்சு. அவ எல்லாத்தயும் திங்கா. அப்பம் அவ காய் எதையும் விடல, வேற என்னமோ விட்டிருக்கா.

அந்த ஒரு மாசத்துல வேற ஒண்ணும் கவனிச்சேன். எங்க வீட்டுல ஒரு பழக்கம் உண்டு. நான் சாப்பிட்ட பொறவுதான் அவ சாப்பிடுவா. நான் சொல்லி வந்த பழக்கம் இல்ல, அவளா வச்சுக்கிட்டது, நான் வேண்டாம்னு சொல்லல, அவ்வளவுதான். ஒரு நாள் கோயில்ல ஒரு சொற்பொழிவு, பற்று விடுதல்னு தலைப்பு, நான்தான் பேசினேன். சால்வை போட்டாக. வீட்டுக்கு வர ரெண்டரை ஆயிருச்சு. பாத்தா, இவ சாப்பிட்டு முடிச்சு, எனக்கு எடுத்து மூடி வச்சிருக்கா. 'ஏட்டி, நீ சாப்பிட்டியா?'ன்னேன். 'பசிச்சுது அத்தான், சாப்பிட்டேன்'ங்கா. எவ்வளவு சாதாரணமாச் சொல்லுதா பாருங்க! நான் சால்வையக் கூட கழத்தாம நிக்கேன்.

காலைல காப்பி குடிச்சதும் ரெண்டாங்கட்டு அறைக்குப் போயி கதவச் சாத்திக்கிடுவா. ஒரு மணி நேரம். 'வடிவு, எஞ்சட்ட எங்க?'ன்னு கத்துனா பதில் வராது. ஒரு மணி நேரம் கழிச்சு வந்து, 'இப்பம் சொல்லுங்க'ம்பா. அதுக்குள்ள நானே தேடி எடுத்துருவேன். முப்பத்தி நாலு வருசத்துல எஞ்சட்டைய நானே தேடி எடுத்தது அப்பந்தான். கேவலமா இருந்துச்சு எனக்கு. நீங்க சிரிக்காதீக.

ஒரு நாள் சன்னல் வழியா எட்டிப் பாத்தேன். சாமி படம் இல்ல, வெளக்கு இல்ல, புத்தகம் இல்ல. சொவத்துல சாஞ்சு சும்மா உக்காந்திருக்கா. கண்ணு தொறந்துதான் இருக்கு. வெளிய வந்ததும் கேட்டேன், 'என்ன மந்திரம்ட்டி சொல்லுத உள்ள?' 'ஒண்ணும் சொல்லல.' 'என்ன செய்யுத?' 'சும்மா இருக்கேன்.' 'சும்மா இருக்கதுக்குக் கதவ எதுக்குச் சாத்தணும்?' 'தொறந்து வச்சா நீங்க சட்டையக் கேப்பீக'ங்கா. சும்மா இருக்கதப் பத்தி நான் மூணு பக்கம் எழுதியிருக்கேன் அண்ணாச்சி. அதுக்கெல்லாம் படி இருக்கு, வரிசை இருக்கு, குரு வேணும். கதவச் சாத்திட்டுப் போயி யாரும் அப்படி இருந்துர முடியாது.

இதுல ஒண்ணு சொல்லணும். நான் அந்த வகுப்புல சேரும்போது அவளும் வாரேன்னு சொன்னா. ஆசையாத்தான் கேட்டா. 'மொதல்ல நான் முடிக்கேன், நான் உனக்கு வீட்டுலயே சொல்லித் தாரேன், பொறவு நீயும் சேந்துக்கோ'ன்னேன். நியாயந்தான? ரெண்டு பேரும் போயிட்டா ஞாயித்துக்கெழம சமையல் என்ன ஆவுறது? அதுக்கு முந்தியும் அப்பப்பம் கேட்டிருக்கா. மகன் பொறந்த புதுசுலேயே, 'தெனமும் கொஞ்ச நேரம் தனியா உக்காந்திருக்கணும் போல இருக்கு அத்தான்'ம்பா. நான், 'பிள்ள வளரட்டும், பொறவு பாப்போம்'பேன். பிள்ள வளந்தான். 'அவன் படிப்பு முடியட்டும்'னேன். படிப்பு முடிஞ்சுது. 'நான் ரிட்டயர் ஆகட்டும்'னேன். மாட்டேன்னு என்னைக்காவது சொல்லியிருப்பனா? ஒரு தடவை கூட சொன்னதில்ல.

எங்க ஆபீஸ்ல ஒரு முறை உண்டு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். மனு ஒண்ணு வந்தா ஒடனே முடிக்கக் கூடாது. ஒடனே முடிச்சா நாளைக்கு அதே ஆளு இன்னொண்ணோட வந்து நிப்பான். ஓரமாக் கெடக்கட்டும்னு வச்சிரணும். ரெண்டு மாசம் ஆனா பாதி மனு தன்னால முடிஞ்சிரும். ஒண்ணு, அவனுக்கு வேண்டாம்னு போயிரும், இல்ல, அவனே மறந்திருவான். நான் இதுல கெட்டிக்காரன்னு பேரு வாங்குனவன். வீட்டுலயும் அதே பழக்கம் வந்திருக்கும், இல்லன்னு சொல்லல.

சரி, விசயத்துக்கு வாரேன். ஒரு நாள் சவரம் பண்ணிக்கிட்டு இருக்கேன், சுருக்குன்னு ஒரு நெனப்பு. இவ காய விடல, பழத்த விடல. பிடிச்சத விடணும்னுதான மொற? அப்பம் இவ விட்டது என்னயத்தான்! கண்ணாடியில எம்மூஞ்சியப் பாக்கேன், பாதி சோப்பு, பாதி தாடி. அப்படியே எந்திரிச்சுப் போயி அடுப்படியில நின்னு கேட்டேன். 'வடிவு, நெசத்தச் சொல்லு. கயாவுல நீ என்னயத்தான விட்டுட்டு வந்த?'

அவ கரண்டிய வச்சிட்டு என்னயப் பாத்தா. கோவம் இல்ல. பாவம் பாக்க மாதிரிதான் இருந்துச்சு. 'அத்தான், எல்லாமே ஒங்களப் பத்தினதாத்தான் இருக்கணுமா?'ன்னா.

அப்படி ஒரு கேள்விய யாரும் என்கிட்ட கேட்டதில்ல அண்ணாச்சி.

பொறவு அவளே சொன்னா. 'நான் பொறவுங்கிறத விட்டேன். சாஸ்திரிகிட்ட அதத்தான் சொன்னேன். இனிமே எதையும் பொறவு பாக்கலாம்னு தள்ள மாட்டேன்னு சொன்னேன்'னா. 'நான் சொன்னதத்தான் குத்திக் காட்டுதியோ'ன்னேன். 'இல்ல. நீங்க சொன்னது பாதி. மிச்சத்த எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இது முடியட்டும், அது முடியட்டும், பொறவு நிம்மதியா இருப்போம்னு சொல்லிச் சொல்லியே அம்பத்தெட்டு வயசு ஆயிருச்சு. அந்த மரத்தடியில நிக்கும்போது நெனச்சேன், புடலங்காய விட்டு நான் என்ன செய்யப் போறேன்? ஆசையா நான் வச்சிருந்தது அந்தப் பொறவத்தான். அதுலதான் என் நிம்மதி பூராவும் இருக்குன்னு நெனச்சு பத்திரமா வச்சிருந்தேன். அத விட்டுட்டேன். இப்பம் ஒரு பாரமும் இல்ல'ன்னா. சொல்லிட்டு கொழம்பக் கிண்டப் போயிட்டா.

நான் ஒம்போது பக்கம் எழுதினவன். அவ ஆறாங்கிளாஸ். எனக்கு எரிச்சலா இருந்துச்சு, உள்ளதச் சொல்லுதேன். மொறப்படி பாத்தா அது செல்லுமாங்கிறதே சந்தேகம். காய், பழம், இலைன்னுதான் இருக்கு.

அதுக்கு மறுநா போன் வந்துச்சு. கல்லிடைக்குறிச்சியில இருந்து. எங்க அண்ணன் ஆறுமுக நயினாருக்குப் பக்கவாதம். வலது கை, வலது காலு, பேச்சு எல்லாம் போயிருச்சு. அண்ணி போயி மூணு வருசம் ஆச்சு. ஒத்த மக, மஸ்கட்ல இருக்கா. பக்கத்து வீட்டுக்காரங்க ஆஸ்பத்திரியில சேத்துட்டு நமக்குப் போன் பண்ணியிருக்காக.

நான் சொன்னேன், 'இருக்கட்டும். டாக்டர் என்ன சொல்லுதாருன்னு தெரியட்டும். பொறவு போவோம்.' வடிவு எந்திரிச்சா. உள்ள போனா, ரெண்டு சேலைய எடுத்துப் பைக்குள்ள வச்சா. கால் மணி நேரம் ஆகல, வாசல்ல நிக்கா. 'அத்தான், புளிக்கொழம்பு இருக்கு. நீங்க வாரதா இருந்தா ஒரே பஸ்ல போவோம். வரலைன்னா நான் போறேன்'ங்கா. அதட்டலும் இல்ல, கெஞ்சலும் இல்ல. நான் நின்னேன். அவ போயிட்டா. இன்னைக்கு இருவத்தி ரெண்டு நாளாச்சு.

ஏன் போகலைன்னு கேக்கீக. கேக்கலையா? மூஞ்சியில தெரியுதே.

அண்ணனுக்கும் எனக்கும் பேச்சு இல்ல அண்ணாச்சி. பத்தொம்பது வருசமா. சொத்துச் சண்டையெல்லாம் கெடையாது, நாங்க அப்படிப்பட்ட ஆளுக இல்ல. எங்க ஊரு அம்மன் கோயில் கொடைத் திருவிழா. எங்க குடும்பத்துக்குப் பரிவட்டம் உண்டு, பூசாரி வந்து தலையில துணியக் கட்டி மாலை போடுவாரு. அப்பம் எனக்குப் பிரமோசன் வந்த வருசம். ஊரே என்னயப் பாக்கு. அண்ணனுக்குக் கட்டியாச்சு, அடுத்தது எனக்குத்தான். நான் தலையக் குனிஞ்சுட்டேன். பூசாரி கையில துணிய எடுத்துட்டாரு. அண்ணன் ஒரு கையக் காட்டி, 'அவன் நம்ம வீட்டு ஆளுதான, அவனுக்குப் பொறவு கட்டிக்கிடலாம். மொதல்ல சம்பந்தகாரருக்குக் கட்டும்'னான். பொறவாம்! என்ன வார்த்த பாருங்க! ஒரு மனுசனக் குனிய வச்சிட்டுச் சொல்லுத வார்த்தையா அது? குனிஞ்ச தலை குனிஞ்சபடி நான் நிக்கேன். யாரோ ஒரு பொம்பள சிரிச்சா, அந்தச் சத்தம் இன்னும் காதுல கேக்கு. நான் நிமிந்தேன், நடந்தேன், பஸ் ஏறுனேன். அவ்வளவுதான்.

வடிவு சொல்லுவா, 'பெரியத்தான் அத அப்பமே மறந்துட்டாக. சாப்பாட்டு நேரம் ஒங்களத்தான் தேடுனாக, எலையப் போட்டு வச்சுட்டு உக்காந்திருந்தாக'ன்னு. இருக்கட்டும். தப்பு செஞ்சவன் மறந்துருவான், பட்டவன் மறப்பானா? வருசத்துக்கு ஒரு தடவையாவது, 'ஒரு எட்டுப் போயிட்டு வாங்க'ம்பா. 'பொறவு பாப்போம்'பேன். நான் ஒண்ணும் பெருசாக் கேக்கல. 'தம்பி, நான் அன்னைக்குச் செஞ்சது தப்பு'. ஒரு வரி. அவன் வாயால வரணும், அவ்வளவுதான்.

ரிட்டயர்மெண்ட் விழாவுக்கு வந்தான். யாரு சொல்லி வந்தான்னு தெரியல, வடிவு வேலையா இருக்கும். கடைசி வரிசையில, தூணு பக்கத்துல நின்னான். வேட்டி சட்டையெல்லாம் புதுசு. நான் மேடையில மாலையோட உக்காந்திருக்கேன். பாத்தேன். பாக்காத மாதிரி இருந்தேன். வந்தவன் முன்னால வந்து பேசணும்லா? நான் மாலையோட எறங்கிப் போக முடியுமா? கலெக்டர் ஆபீஸ்ல இருந்தெல்லாம் ஆளு வந்திருக்கு. விழா முடிஞ்சு பாத்தா தூணு பக்கத்துல ஆளு இல்ல. சாப்பிடாமப் போயிட்டான்னு சொன்னாக. சாப்பிட்டுட்டுப் போயிருக்கலாம்.

இப்பம் பேச்சு போயிருச்சு. நான் கேட்ட ஒரு வரிய இனிமே எந்த வாயால வாங்குவேன்? சொல்லுங்க. ஆஸ்பத்திரியில ஒரு வாரம், பொறவு வீட்டுக்குக் கொண்டு வந்துட்டாக. வடிவுதான் பாக்கா. தூக்கி உக்கார வைக்கா, கஞ்சி குடுக்கா, தொடைச்சு விடுதா. தெனம் சாயங்காலம் எனக்கு ஒரு போன். இன்னைக்கு எவ்வளவு குடிச்சாரு, காலு அசைஞ்சுதா, அவ்வளவுதான் பேசுவா. 'வாங்க'ன்னு ஒரு நா கூட கூப்புடல. அதுதான் எனக்கு வேதனை. கூப்புட்டா மாட்டேன்னாவது சொல்லலாம்லா?

இருவத்தி ரெண்டு நாளு தனியா இருந்தேன். சமைக்கத் தெரியாது, ஓட்டல்ல சாப்பிட்டேன். அவ உக்காருத அறையில போயி ஒரு நா நானும் கதவச் சாத்திட்டு உக்காந்து பாத்தேன். கால் மணி நேரம் தாங்கல. உள்ள ஒரே சத்தம். அந்தக் கொடைதான் நடக்கு, பூசாரி வாராரு, நான் குனியுதேன், அந்தப் பொம்பள சிரிக்கா. எந்திரிச்சு வந்துட்டேன்.

அதுக்குப் பொறவுதான் இத எழுதினேன். இந்தா, இந்தப் பையிலதான் இருக்கு. நாலு பக்கம். ஆபீஸ் முறையில எழுதியிருக்கேன். பொருள், பார்வை ஒண்ணு, பார்வை ரெண்டு, எல்லாம் தேதி போட்டு. கொடையன்னைக்கு என்ன நடந்துச்சு, யாரு எங்க நின்னாக, அதுக்கு முந்தி எங்க அப்பா காரியத்துல அவன் என்ன சொன்னான், எல்லாம் வரிசையா இருக்கு. போயி அவன் முன்னால உக்காந்து வாசிச்சுரணும்னு நெனச்சேன். கேக்க மட்டும் செய்வான். பழைய மாதிரி குறுக்கப் பேச மாட்டான் பாருங்க. அவனால முடியாதுலா.

என்ன அண்ணாச்சி, அப்படிப் பாக்கீக? நான் கெட்டவன் இல்ல. மனசுல உள்ளத எறக்கி வச்சாத்தான் எனக்கு விடுதலை. எல்லாத்தயும் சொல்லி முடிச்சிட்டா பொறவு நான் அண்ணன்னு கூப்புடுவேன், கஞ்சி கூட குடுப்பேன். மொதல்ல இது முடியணும்.

ஆனா நேத்து சாயங்காலம் வடிவு போன்ல வேற ஒண்ணு சொன்னா.

அண்ணனுக்குப் பேச்சு பூராவும் போகல. ஒரே ஒரு சொல்லு மட்டும் தங்கியிருக்கு. சில பேருக்கு அப்படி ஆகும்னு டாக்டர் சொன்னாராம், எல்லாம் போயி ஒண்ணு மட்டும் வாயில நின்னுரும், எதுக்கும் அதேதான் வரும்னு. அவனுக்கு நின்னது 'தம்பி'. தண்ணி வேணும்னா தம்பிங்கான். முதுகு வலிச்சா தம்பிங்கான். ஃபேன நிறுத்தணும்னாலும் தம்பிதான். வடிவு மொத நாளு, பெரியத்தான் ஒங்களத்தான் தேடுதாகன்னு நெனச்சு அழுதிருக்கா. பொறவு பாத்தா எல்லாத்துக்கும் அதே சொல்லு.

'இத்தன நாளா ஏன்ட்டி எங்கிட்ட சொல்லல?'ன்னு கத்துனேன். அவ மெதுவாத்தான் சொன்னா. 'சொன்னா, ஒங்களக் கூப்புடுதாகன்னு நெனச்சு வருவீக. வந்து நின்னா அது தண்ணிக்காக இருக்கும். பொறவு அது ஒரு கொறையா ஆயிரும் ஒங்களுக்கு'ன்னா. 'அப்பம் இப்பம் எதுக்குச் சொல்லுத?'ன்னேன். 'நேத்துல இருந்து குரலு அடங்கிக்கிட்டு வருது அத்தான். நாளைக்கு அந்தச் சொல்லும் இருக்குமோ இல்லையோ. எங்கிட்ட இருந்தத ஒங்ககிட்ட சொல்லிட்டேன்'னு வச்சிட்டா.

இன்னைக்குக் காலைல ஆறரைக்கே பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன். மொத பஸ்ல கூட்டம்னு விட்டேன். அடுத்ததுல சன்னல் ஓரம் இல்லன்னு விட்டேன். மூணாவத ஏன் விட்டேன்னு எனக்கே தெரியல. இது நாலாவது.

இதுல ஒரு சந்தேகம் அண்ணாச்சி, உங்ககிட்ட கேக்கேன், நீங்க மூணாம் மனுசன். அது மன்னிப்பு ஆகுமா? அந்த ஒரு சொல்லு? நான் கேட்ட வரியில மொத சொல்லு அதுதான். மிச்சம் இல்ல. 'நான் செஞ்சது தப்பு'ங்கிறது இல்ல. அவன் மூளையில எல்லாம் அழிஞ்சு போயி இது மட்டும் ஏன் நின்னுச்சு? வேற சொல்லே கெடைக்கலையா அவனுக்கு? மக பேரு நின்னிருக்கலாம், அண்ணி பேரு நின்னிருக்கலாம், சாமி பேரு நின்னிருக்கலாம். பத்தொம்பது வருசம் நான் அவன் வாசப்படிய மிதிக்கல. இவன் அங்கன உக்காந்து அதையே சொல்லிக்கிட்டு இருந்தானா? இல்ல டாக்டர் சொன்ன மாதிரி சும்மா ஒரு சத்தந்தானா?

வீரவநல்லூர் தாண்டியாச்சா? எப்பம் தாண்டிச்சு? நான் பாக்கவே இல்லையே.

ராத்திரி பூரா யோசிச்சேன், இதுக்கு எங்க படிப்புல வழி இல்ல. நான் போயி அந்தக் கட்டிலு பக்கத்துல நிப்பேன். அவன் கண்ணத் தொறந்து தம்பிம்பான். இல்ல, சொல்ல முடியாம வாய மட்டும் அசைப்பான். அது தண்ணியா, வலியா, நானான்னு எனக்குத் தெரியாது. வடிவுக்கும் தெரியாது. அவனுக்கே தெரியுமோ என்னமோ. என்னயக் கூப்புடலன்னாலும், என்னண்ணேன்னு நான் கேக்கணும். தம்ளர எடுத்து வாயில வைக்கணும். வேண்டாம்னு தலைய ஆட்டுனா முதுகத் திருப்பிப் படுக்க வைக்கணும். அதுவும் இல்லன்னா ஃபேன நிறுத்தணும். ஒவ்வொண்ணா செஞ்சு பாத்துட்டு, இது எனக்காக இல்ல போலன்னு தெரிஞ்ச பொறவும், அடுத்த தடவ தம்பின்னா திரும்பவும் என்னண்ணேன்னு போயி நிக்கணும். தம்பி தம்பின்னு கூப்புடுவான் அண்ணாச்சி, அதுல நான் இருக்க மாட்டேன். அதுதான் பயமா இருக்கு.

கண்டக்டர் விசில் குடுத்துட்டாரு. கல்லிடைக்குறிச்சிதான். தம்பி, கண்டக்டர் தம்பி, போயிராதப்பா, எறங்க ஆளு இருக்கு! இந்தா எறங்குதேன். அண்ணாச்சி, கொஞ்சம் அந்தக் கையக் குடுங்க. எந்திரிச்சுக்கிடுதேன்.